ஆட்டமும் பாட்டும்

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப் பாதையில், திருவள்ளூரைக் கடந்து சிறிது தூரம் சென்றால் திருவாலங்காடு வரும். கூத்தப்பெருமானுடைய ஐந்து சபைகளுள் இரத்தின சபை இவ்வூரில் உள்ளது. காளியோடு இறைவன் ஆடிய ஆட்டம் இங்கே நிகழ்ந்தது என்பது தலபுராணம். இறைவன் ஆடும்பொழுது அவன் அடிக்கீழ் இருந்து பாடும் பேற்றைக் கயிலையில் வேண்டிப் பெற்ற காரைக்காலம்மையார், தலையால் நடந்து இவ்வூருக்கு வந்து அமர்ந்தார் என்று பெரியபுராணம் கூறும். அம்மையார் பாடுகிறார்; ஆண்டவன் ஆடுகிறான். பாட்டும் ஆட்டமும் ஒரே கணத்தில் பிறக்கின்றன. இரண்டையும் இணைத்துவைக்க மூன்றாமவர் எவரும் அங்கே வேண்டியதில்லை.

1973ஆம் ஆண்டில் ஏ.பி. நாகராஜன் இக்கதையைத் திரைப்படமாக எடுத்தார். சிவகுமாரும் ஸ்ரீவித்யாவும் ஆட, கே.பி. சுந்தராம்பாள் பாடும் காட்சியைப் பார்த்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இத்தகைய காட்சிகளில் பாட்டு முன்னரே ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவாகிவிடும். பின்னொரு நாள் அதை ஒலிபெருக்கியில் ஓடவிட்டு, ஆடுவோர் அதற்கேற்ப அடிவைப்பார்கள். ஒலி ஒரு கருவியில். படம் வேறொரு கருவியில். திரையில் நாம் காணும் ஒருமை, பிறகு உண்டாக்கப்பட்ட ஒருமை.

தொடக்கத்தில் இப்படி இல்லை. 1931இல் பம்பாயில் உருவான 'ஆலம் ஆரா' படத்தில் ஒலியும் படமும் ஒரே சுருளில் ஒருங்கே பதிவாயின. அவ்வாண்டிலேயே வெளிவந்த 'காளிதாஸ்' தமிழின் முதற் பேசும்படம். கதாநாயகி டி.பி. ராஜலக்ஷ்மி தமிழில் பேச, கதாநாயகர் தெலுங்கில் மறுமொழி கூறினார் என்பதை இன்று வேடிக்கையாகச் சொல்வார்கள். எனக்கு அது வேடிக்கையாகத் தோன்றவில்லை. ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் குரலை வரவழைக்கும் வித்தை கைகூடாத காலம் அது. அவரவர் பேசியதே அவரவர் குரல். அப்படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று எஞ்சவில்லை.

அந்த வித்தை 1938இல் வந்தது. 'நந்தகுமார்' படத்தில் தேவகியாக நடித்தவரின் பாட்டு ஏ.வி. மெய்யப்பச் செட்டியாருக்கு நிறைவளிக்கவில்லை. லலிதா வெங்கட்ராமன் பாடியதைப் பதிவுசெய்து, நடிகையின் வாயசைப்போடு பொருத்தினார். தமிழ்த் திரையில் பின்னணிப் பாட்டு பிறந்த கதை இது. சில ஆண்டுகளில் அவரே 'ஹரிச்சந்திரா' என்ற கன்னடப் படத்துக்குத் தமிழ்க் குரல் ஏற்றி வெளியிட்டார். அதன்பின் ஒலியும் படமும் தனித்தனியே வளர்ந்தன.

பிரிந்த இரண்டைச் சேர்ப்பது எவ்வாறு? படப்பிடிப்பில் ஒருவர் கிளாப் பலகையைத் தட்டுவதைப் பலரும் கண்டிருப்பீர்கள். பலகை மூடும் பிரேமையும், 'டக்' என்ற ஓசை விழும் இடத்தையும் படத்தொகுப்பாளர் ஒன்றுசேர்க்கிறார். ஆனால் தொடக்கம் சேர்ந்தால் மட்டும் போதாது; முடிவுவரை வேகமும் ஒத்திருக்க வேண்டும். அதற்காகவே படம் விநாடிக்கு 24 பிரேம் என்று வகுத்தார்கள். இரு கருவிகளும் அந்த அளவு பிசகாமல் ஓடவேண்டும். பிரதி எடுக்கும்போதும் ஒரு நுட்பம் உண்டு. விளக்கின் முன் சுருள் நின்று நின்று நகர்கிறது. ஒலியைப் படிக்கும் இடத்திலோ அது சீராக வழுக்கிச் செல்லவேண்டும். ஆகவே ஒலி, தனக்குரிய படத்துக்கு ஏறக்குறைய 20 பிரேம் முன்னதாக அச்சிடப்படும். சுருளில் விலகியிருப்பதால்தான் அரங்கில் ஒன்றாகிறது!

திருவாலங்காட்டின் பெயரைச் சொன்னால் வரலாற்று மாணவனுக்கு வேறொன்று நினைவுக்கு வரும். 1905இல் கண்டெடுக்கப்பட்ட முதலாம் இராசேந்திரனின் செப்பேடுகள் 31. அவற்றின் தமிழ்ப் பகுதி அரசனது ஆறாம் ஆட்சியாண்டுக்குரியது. வடமொழிப் பகுதியோ அதற்குப் பின் நிகழ்ந்த கங்கை, கடார வெற்றிகளையும் பேசுவதால், பிற்காலத்தில் இயற்றப்பட்டது என்பது அறிஞர் கருத்து. வெவ்வேறு காலத்தில் எழுந்த இரு பகுதிகளையும் ஒரே முத்திரை வளையம் கோத்து வைத்திருக்கிறது. படத்தொகுப்பாளர் கையிலுள்ள வளையம் அந்த 24 என்ற எண்தான்.

தொலைக்காட்சி வந்தபோது அந்த வளையம் நெகிழ்ந்தது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975இல் தொடங்கியது. நம் நாட்டு மின்னோட்டம் விநாடிக்கு 50 அலைவு; தொலைக்காட்சி அதில் பாதியாகிய 25 பிரேமைக் கைக்கொண்டது. திரைப்படத்தை வீடியோவுக்கு மாற்றுவோர், 24இல் ஓடவேண்டியதை 25இல் ஓடவிடுவது எளிய வழி எனக் கண்டனர். நூறு நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடிந்துவிடும். அமெரிக்காவில் தொல்லை வேறு வகை. அங்கே சில பிரேம்களை இருமுறை காட்டி 30ஐ எட்டினார்கள்.

நான்கு நிமிஷத்துக்கு நான்கு விநாடியா போகிறது என்று எண்ணவேண்டாம். நான்கு நிமிடப் பாட்டொன்றின் படம், வீடியோவில் ஒன்பதரை விநாடிக்கு மேல் முந்தி முடிகிறது. தனியே பாதுகாத்துவைத்த மூல ஒலிநாடாவை அதன் இயல்பான வேகத்தில் இப்படத்தோடு சேர்த்தால், முதல் அடி பொருந்தும். முதற் சரணத்துக்குள் கால் முன்னே ஓடிவிடும், மிருதங்கம் பின்தங்கும். இதற்கு அஞ்சி, பிரதியிலுள்ள ஒலியையும் படத்தோடு சேர்த்தே விரைவாக ஓடவிட்டால், தாளம் தவறாது, சுருதி தவறும். அரைக்கட்டைக்குச் சற்றே குறைவாகக் குரல் மேலேறிவிடும்.

எது பெரிய குற்றம்? வாயசைப்புத் தவறினால் எவரும் கண்டுகொள்வர். சுருதி ஏறியதை ஆயிரத்தில் ஒருவர்கூட முறையிடுவதில்லை. அதனாலேயே பின்னதை நான் பெரிய குற்றமாகக் கருதுகிறேன். சுந்தராம்பாள் 1980இல் மறைந்தார். உச்சத்திலும் பிசிறில்லாத அக்குரலை இளைய தலைமுறை அறிவது பதிவுகளின் வாயிலாகவே. உயர்த்தப்பட்ட குரலைக் கேட்டுப் பழகியவனுக்கு உண்மையான குரல் மந்தமாகத் தோன்றும். பழம் பாட்டொன்றை இரு வகையிலும் அடுத்தடுத்துக் கேட்டபோது எனக்கே ஒரு கணம் அப்படித் தோன்றியது.

இன்று கணினியில் பிரேம் பிரேமாகப் படத்தை நகலெடுக்கலாம். 24ஐ 24ஆகவே காக்கலாம். 25இல் காட்டத்தான் வேண்டுமென்றால், சுருதியை மாற்றாமல் ஒலியின் நீளத்தை மட்டும் குறைக்கவும் இயலும். ஆயினும் பழைய வீடியோ நாடாக்களிலிருந்து எடுத்த நகல்கள் எங்கும் உலவுகின்றன. உங்களிடம் உள்ளது எவ்வகை என்று அறியக் கருவி ஏதும் வேண்டாம். சரியான வேகத்தில் சுழலும் இசைத்தட்டில் அதே பாட்டைப் போடுங்கள். சுருதிப்பெட்டியை அதற்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு வீடியோவை ஓடவிட்டு, பல்லவியின் முதல் சொல்லைக் கேளுங்கள்.