வீட்டுக் கணக்கும் பள்ளிக் கணக்கும்

திண்ணைப் பள்ளிகளின் காலத்தில் தமிழ்நாட்டில் வீட்டில் புழங்கிய கணக்கும் பள்ளியில் சொல்லித்தந்த கணக்கும் ஏறத்தாழ ஒன்றே. நெல் அளக்கவும், நிலத்தின் பரப்பைக் காணவும், வட்டி பார்க்கவும், கூலி கொடுக்கவும் எது வேண்டுமோ அதுவே பாடம். சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் கேட்டு வாங்கிய விவரங்களின்படி, மாகாணத்தில் பள்ளிகளும் உயர்கல்வி நிலையங்களுமாக 12,498 இருந்தன. அவற்றில் 1,88,650 பேர் படித்தனர். திண்ணைப் பள்ளி ஆசிரியரின் வருமானம் பெரும்பாலும் பெற்றோர் கொடுத்த தவசமும் காசும்தான். ஆகவே பிள்ளை என்ன கற்றான் என்று கேட்டுப் பார்க்கும் உரிமை பெற்றோருக்கு இருந்தது. நிலமும் வியாபாரமும் உள்ள குடும்பங்களில், கேட்பதற்கு வேண்டிய கணக்கும் அவர்கள் கையில் இருந்தது.

பாடம் நான்கு படிகளாக அமைந்தது. பொன்னிலக்கம் பின்னங்களைக் கூட்டும் வரிசை. முந்திரி என்னும் 320-இல் ஒரு பங்கில் அது தொடங்கும்: இரண்டு முந்திரி ஓர் அரைக்காணி, இரண்டு அரைக்காணி ஒரு காணி என்று ஏறும். நெல்லிலக்கம் முகத்தலளவை: 5 செவிடு ஓர் ஆழாக்கு, 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு நாழி, 8 நாழி ஒரு குறுணி, 12 குறுணி ஒரு கலம். எண்சுவடி பெருக்கல் வாய்ப்பாடு. குழிமாற்று நிலத்தின் பரப்பைக் காண உதவுவது. மாணவர்கள் இவற்றை உரக்கச் சொல்லி, மணலில் விரலால் எழுதி, பின்னர் ஓலையில் எழுத்தாணி பிடித்தார்கள். சட்டாம்பிள்ளை முன்சொல்ல மற்றவர்கள் பின்சொல்வார்கள்.

மனப்பாடம் வெறும் ஒப்பிப்பாக நின்றுவிடவில்லை. மாகாணி (வீசம் என்றும் சொல்வார்கள்) என்பது 16-இல் ஒரு பங்கு; ரூபாய்க்கு 16 அணா என்று வந்தபோது, மாகாணி வாய்ப்பாடு அப்படியே அணாக் கணக்காயிற்று. ஏழு மாகாணி காலே மூன்று வீசம் என்று தெரிந்த பிள்ளைக்கு, ஏழு அணா ரூபாயில் எவ்வளவு என்று தனியாகக் கணக்குப் போட வேண்டியதில்லை. சந்தையிலும் களத்துமேட்டிலும் பெரியவர்கள் வாயில் வந்த சொற்களும் இவையே.

இந்த ஒற்றுமை 19-ஆம் நூற்றாண்டில் தளரத் தொடங்கியது. கல்வி குறித்த 1854-ஆம் ஆண்டின் வுட் அறிக்கைக்குப் பிறகு அரசின் உதவித்தொகை வேண்டிய பள்ளிகள் அரசின் பாடத்திட்டத்தையும் ஆய்வாளரின் தேர்வையும் ஏற்றன. மணலுக்குப் பதில் சிலேட்டும், ஓலைக்குப் பதில் அச்சுப் புத்தகமும் வந்தன. ஆனாலும் அணாவும் படியும் நாட்டில் புழங்கியவரை, பழைய வாய்ப்பாடு தெரிந்த தாத்தாவால் பேரனுக்குக் கணக்குச் சொல்லித்தர முடிந்தது.

பெரிய முறிவு 1957 ஏப்ரல் 1 அன்று வந்தது. அன்று முதல் ஒரு ரூபாய் 100 நயா பைசா. ஓர் அணாவுக்கு ஆறேகால் நயா பைசா என்பதால் மாற்று அட்டவணை முழு எண்ணாகத் திருத்தப்பட்டது: ஓர் அணாவுக்கு 6, இரண்டுக்கு 12, மூன்றுக்கு 19, நான்குக்கு 25. 1958 முதல் கிலோவும் மீட்டரும் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. கால், அரை, முக்கால் மட்டும் பேச்சில் நிலைத்தன. மாகாணியும் காணியும் பாடத்திலிருந்து போயின. பள்ளிப் பிள்ளைக்கு எளிதான தசமக் கணக்கு, வீட்டில் உதவ உட்கார்ந்த பெரியவருக்குப் புதிதாக இருந்தது.

அதே 1957-இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியதும், அமெரிக்கா தன் பள்ளிக் கணிதத்தை மாற்றி எழுத முனைந்தது. ‘நவீனக் கணிதம்’ என்ற அந்த அலை பல நாடுகளுக்கும் பரவி, பின்னர் இந்தியப் பாடநூல்களிலும் கணங்களைக் கொண்டுவந்தது. கூட்டல் கழித்தலில் தேறிய பெற்றோருக்கும் கணங்களின் சேர்ப்பும் வெட்டும் புரியவில்லை. வீட்டில் விளக்க ஆளில்லாத கணக்குக்கு டியூஷன் வாத்தியாரைத் தேடுவது நடுத்தரக் குடும்பங்களில் வழக்கமாயிற்று.

2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், பின்னர் மாநிலமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது. அதில் பிள்ளைகள் கற்றல் ஏணியைப் பார்த்து, அட்டை அட்டையாக முன்னேறினார்கள். தாங்கள் படித்த முறையோடு ஒப்பிட்டுப் பழகிய பெற்றோருக்கு, பிள்ளை எந்தப் படியில் நிற்கிறான் என்று கண்டுகொள்வது எளிதாக இல்லை. கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டபோது கணக்குச் சொல்லித்தரும் பொறுப்பு மீண்டும் வீட்டின் மேல் விழுந்தது. அந்த இடைவெளியை நிரப்ப 2021 அக்டோபரில் தமிழக அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கியது. தன்னார்வலர்கள் மாலையில் பிள்ளைகளின் வீட்டருகே கூடி, 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குப் பாடம் சொல்லித்தந்தார்கள்.

கணக்குப் பாடத்தைப் பற்றிய பெற்றோரின் இன்றைய கவலைக்கு அவர்களுடைய அறியாமையை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. நாணயமும் அளவையும் பாடமுறையும் ஒரு நூற்றாண்டுக்குள் பலமுறை மாறின. ஒவ்வொரு மாற்றத்திலும் பெரியவர்கள் கற்ற கணக்கில் ஒரு பகுதி பிள்ளைக்குப் பயன்படாமல் போயிற்று.