பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஒரு கலைப்பள்ளி

சென்னை எழும்பூரை அடுத்த பூந்தமல்லி நெடுஞ்சாலையில், செங்கற் கட்டடங்களும் முதிய மரங்களும் சூழ நிற்கும் அரசு கவின் கலைக் கல்லூரி, கலைஞர்களை உருவாக்கும் நோக்கத்தோடு பிறந்த நிறுவனம் அன்று. 1850-இல் அலெக்சாந்தர் ஹண்டர் என்னும் மருத்துவர் தம் சொந்த முயற்சியில் இதனைத் தொடங்கினார். 1852-இல் அரசு ஏற்றுக்கொண்டது. மண்பாண்டமும் செங்கல்லும் செய்யவும், மரத்தில் படம் செதுக்கவும், அளவு பிசகாமல் வரையவும் தெரிந்த கைத்திறனாளரே அன்றைய அரசுக்குத் தேவைப்பட்டனர். 1855-இல் சென்னையில் நடைபெற்ற பெருங்கண்காட்சியில் முன்னின்று உழைத்தவரும் ஹண்டரே. ஆகவே, இன்று வடிவமைப்பு என்றும் கலை நிருவாகம் என்றும் தனித்தனிப் பாடங்களாகப் பேசப்படுபவை, பெயர் பெறுவதற்கு முன்பே இப்பள்ளியின் அன்றாட வேலையாக இருந்தன. இல்லாதிருந்தது கலை வரலாறு. அதாவது, இந்நாட்டுக்குச் சிறப்புடைய கலை வரலாறு ஒன்று உண்டு என்ற எண்ணம்.

அவ்வெண்ணத்தை அடைந்தவர் 1884-இல் இப்பள்ளியின் தலைமைக்கு வந்த ஈ. பி. ஹாவெல். அரசின் பணியாளராகத் தென்னாட்டின் கைத்தொழில்களை ஆராய ஊர் ஊராகச் சென்ற அவர், தறியையும் உலோக வார்ப்பையும் கண்டார். கணக்கெடுக்கப் போன அதிகாரி, கற்றுக்கொள்பவராகத் திரும்பினார் எனலாம். 1896-இல் கல்கத்தாக் கலைப்பள்ளியின் தலைவரான பின், அங்கிருந்த கூடத்திலிருந்து ஐரோப்பிய ஓவியங்களை அகற்றி இந்திய ஓவியங்களைச் சேர்க்க முனைந்தபோது, எதிர்த்துக் கிளம்பியவர்கள் இந்திய மாணவர்களே! தங்களுக்கு உயர்ந்த கல்வியை மறுத்து மட்டமானதைத் தருகிறார்கள் என்று அவர்கள் ஐயுற்றனர். அந்த ஐயத்தை அறியாமை என்று எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆள்பவர் ஒருவர் வந்து ஆளப்படுபவரிடம், ‘உம்முடைய மரபே உமக்குப் போதும்’ என்று கூறும்போது, அதில் அன்பு எவ்வளவு, அடக்குமுறை எவ்வளவு என்று பிரித்தறிவது எளிதன்று. ஹாவெலின் ‘இந்தியச் சிற்பமும் ஓவியமும்’ 1908-இல் வெளிவந்தது.

இதற்கிடையே சென்னைப் பள்ளி வேறு திசையில் சென்றது. ஆல்பிரட் சாட்டர்டன் 1898-இல் இங்கே அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கினார். அது வேரூன்றித் தனியார் கைக்கு மாறியது. தென்னிந்தியச் சமையலறைக்குள் அலுமினியம் நுழைந்த வழி ஒரு கலைப்பள்ளியின் பட்டறை வழியே என்பதை இன்று நினைப்பவர் அரியர்.

கல்கத்தாவில் ஹாவெலால் ஆசிரியப் பணிக்கு அழைக்கப்பட்டவர் அவனீந்திரநாத தாகூர். அவரிடம் பயின்ற தேவிபிரசாத் ராய் சௌத்ரி 1929-இல் சென்னைப் பள்ளியின் தலைவரானார். அப்பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவரே. சென்னையிலிருந்து சென்ற ஒரு சிந்தனை, வங்கத்தைச் சுற்றிக்கொண்டு முப்பது ஆண்டுகளுக்குப் பின் திரும்பிவந்தது போன்ற நிகழ்ச்சி இது. ஆயினும் ராய் சௌத்ரியின் சிற்பங்கள் ஹாவெல் போற்றிய மரபைச் சார்ந்தவை அல்ல. மெரினாக் கடற்கரையின் உழைப்பாளர் சிலையில் திமிறி நிற்கும் தசைநார்கள் மேற்கத்திய இயல்புநெறியின் வழிவந்தவை. 1954-இல் தில்லியில் லலித கலா அகாதெமி அமைந்தபோது அதன் முதல் தலைவராக அமர்ந்தவரும் அவரே.

1957-இல் தலைமையேற்ற கே. சி. எஸ். பணிக்கர் காலத்தில்தான் வரலாறு, வடிவமைப்பு, நிருவாகம் ஆகிய மூன்றும் ஒரே கேள்வியாகத் திரண்டன: படித்து வெளியேறும் ஓவியன் எதை உண்டு வாழ்வான்? ஓவியம் வாங்குவோர் அன்றைய சென்னையில் மிகச் சிலர். பணிக்கர் கண்ட விடை, ஹண்டரின் பட்டறைக்கே திரும்புவதாக அமைந்தது. ஆனால் நோக்கம் நேர்மாறானது. மெழுகிட்டுச் சாயமேற்றும் பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களைக் கலைஞர்களே செய்து, சங்கம் அமைத்து விற்றனர். அவ்வருவாயைக் கொண்டு ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கப்பெற்று, 1966-இல் சோழமண்டலம் கலைஞர் கிராமம் எழுந்தது. காலையில் துணிக்குச் சாயமேற்றியவன் மாலையில் தன் ஓவியத்தை யாருக்கும் விலைபேசாமல் தீட்டலாம் என்பதே ஏற்பாடு. கணக்கேடு, நிலப்பத்திரம், கண்காட்சி, விற்பனை எல்லாம் அவர்கள் செய்தே கற்றவை; இதைவிடக் கடினமான கலை நிருவாகப் பாடத்தை எந்தக் கல்லூரியும் வைத்திருக்க இயலாது. அதே ஆண்டுகளில் பணிக்கர் தம் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையைத் தீட்டினார். எழுத்துப் போலத் தோன்றி, படிக்க முற்பட்டால் நழுவிவிடும் அக்கோடுகள் கவிஞர்கள் நின்று பார்க்கத்தக்கவை.

கவிஞர்களுக்கு இக்கல்லூரி பட்ட கடன் ஒருபுறமிருக்க, கவிஞர்கள் இதற்குப் பட்ட கடன் பெரிது. 1960-களில் இங்குப் பயின்ற கே. எம். ஆதிமூலம், நெசவாளர் சேவை மையத்தில் வடிவமைப்பாளராகப் பணிபுரிந்து வாழ்க்கை நடத்தியவர். சிறுபத்திரிகைகளின் அட்டைகளுக்கும் கவிதை நூல்களுக்கும் அவர் வரைந்த கோடுகளும், தலைப்புகளுக்கு அமைத்த எழுத்துருவங்களும் தமிழ் அச்சின் முகத்தை மாற்றின. காந்தியடிகளைப் பற்றிய அவருடைய கோட்டோவியங்கள் கூடங்களில் புகழ்பெற்றன, கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்கு வரைந்தவையோ வார இதழின் வழியே, ஓவியக் கூடத்தின் வாயிலை மிதித்தறியாத இல்லங்களுக்குள்ளும் சென்றன. 2008-இல் அவர் மறைந்தார். அவர் கோடு தாங்கிய பழைய இதழ்கள் பலவும் இன்று தனியார் அலமாரிகளில் பழுப்பேறிக் கிடக்கின்றன; முழுமையாகத் தொகுத்து, ஆண்டு குறித்து வைப்பார் யார் என்ற வினா இன்னும் அங்கேயே நிற்கிறது.