முன்பதிவு நடந்து வந்த பாதை

முன்பதிவு என்பது மிகச் சிறிய பொருள். யார் வருகிறார், எந்த அறை, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எவ்வளவு பணம் என்ற விவரங்கள் ஒரு துண்டுச் சீட்டில் அடங்கிவிடும். அந்தச் சீட்டை நம்பித்தான் ஒரு குடும்பம் விமானம் ஏறுகிறது. முன்பின் தெரியாத ஊரில், தூங்கி வழியும் குழந்தைகளோடு ஒரு கதவின் முன்னால் வந்து நிற்கிறது. கதவு திறந்தாக வேண்டும். அந்தச் சீட்டு எழுதப்பட்ட இடத்திலிருந்து கதவு வரை சிதையாமல் போய்ச் சேர்வதற்காக மனிதர்கள் பட்ட பாடு எண்பது ஆண்டுக் கதை.

1940-களில் அமெரிக்க விடுதிகளில் சீட்டு சுவரில் வாழ்ந்தது. வரவேற்பு மேசைக்குப் பின்னால் ஒரு உலோகச் சட்டம். அறைக்கு ஒரு செருகிடம். செருகிடத்தில் விருந்தினரின் பெயர் தட்டச்சான சீட்டு. இந்த ஏற்பாட்டுக்கு விட்னி முறை என்று பெயர். கார்பன் தாள் வைத்து அதே சீட்டைப் பல படிகளாக அடிப்பார்கள். அறை எண் வரிசையில் ஒன்று, பெயர் வரிசையில் ஒன்று, தொலைபேசி இணைப்பு தருபவரிடம் ஒன்று. மேசையில் நிற்பவர் திரும்பிப் பார்த்தாலே எந்த அறை காலி என்று தெரிந்துவிடும். குறை ஒன்றுதான்: அந்தச் சுவர் இருக்கும் இடத்தில் இல்லாதவருக்கு எதுவும் தெரியாது.

சுவரைத் தாண்டி முன்பதிவு மின்னணு வழியில் கால்வைத்தது 1958-இல். ஷெரட்டன் நிறுவனம் ரிசர்வட்ரான் என்ற மின்னணு முன்பதிவு முறையைக் கொண்டுவந்தது. 1965-இல் ஹாலிடே இன் நிறுவனம் ஐபிஎம்மோடு சேர்ந்து ஹோலிடெக்ஸ் என்ற வலையமைப்பை அமைத்தது. கெம்மன்ஸ் வில்சன் 1952-இல் மெம்பிஸ் நகரில் நெடுஞ்சாலைப் பயணிகளுக்காகத் தொடங்கிய விடுதிகள் அவை. காரில் குடும்பத்தோடு போகிறவர் இன்று தங்கும் விடுதியிலேயே நாளை இரவுக்கான அறையை அடுத்த ஊரில் உறுதி செய்துகொள்ள முடிந்தது. ஒரு விடுதியின் வாக்கை இன்னொரு விடுதி காப்பாற்றும் நிலை வந்தது.

பிறகு வழிகள் பெருகின. விமானச் சீட்டு விற்ற சேபர் போன்ற கணினி அமைப்புகள் விடுதி அறைகளையும் விற்கத் தொடங்கின. 1987-இல் ஜெர்மனியின் மியூனிக்கில் தொடங்கிய ஃபிடெலியோ, விடுதிக்குள் நடக்கும் வேலையைக் கணினிக்கு மாற்றியது. 1996-இல் நெதர்லாந்தில் புக்கிங்.காம் பிறந்தது; அதே ஆண்டு மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பீடியாவும் வந்தது. உலகத்தின் எந்த மூலையில் இருப்பவரும் அறை எடுக்கலாம். ஆனால் இணையத்தில் பிறந்த முன்பதிவு பல விடுதிகளுக்கு ஃபேக்ஸ் தாளாகத்தான் வந்து விழுந்தது. வரவேற்பில் இருப்பவர் அதைப் பார்த்து விடுதியின் கணினியில் மறுபடி தட்டச்சு செய்வார். இரண்டு கணினிகளுக்கு நடுவே அவர்தான் கம்பி. எண் ஒன்று மாறினால், கூட்டமான நேரத்தில் தாள் ஒன்று அடியில் போய்விட்டால், ஒரே அறைக்கு இரண்டு குடும்பங்கள் வந்து நிற்கும்.

இதற்குப் பயந்த விடுதிகள் அறைகளைப் பங்கு பிரித்துக் கொடுத்தன. இந்தத் தளத்துக்கு ஐந்து, அந்தத் தளத்துக்கு ஐந்து. ஒன்றில் ஐந்தும் தீர்ந்து ஆட்களைத் திருப்பி அனுப்பும்போது மற்றதில் மூன்று அறைகள் காலியாகக் கிடக்கும். இந்த வீணடிப்புக்கு மருந்தாக வந்தவைதான் சேனல் மேனேஜர் மென்பொருள்கள். சிட்னியில் 2006-இல் தொடங்கிய சைட்மைண்டர் அவற்றில் நன்கு அறியப்பட்ட ஒன்று. பத்து அறைகளையும் எல்லாத் தளங்களிலும் ஒரே நேரத்தில் காட்டலாம்; எங்கே ஒன்று விற்றாலும் மற்ற எல்லா இடத்திலும் எண்ணிக்கை குறையும்.

இதற்கிடையே, விடுதிகளைப் பற்றி நினைக்காமலே பிறந்த ஒரு கோப்பு வடிவம் இந்தத் தொழிலுக்குள் நுழைந்தது. 1998 நவம்பரில் லோட்டஸைச் சேர்ந்த ஃபிராங்க் டாசனும் மைக்ரோசாஃப்டைச் சேர்ந்த டெரிக் ஸ்டெனர்சனும் எழுதிய ஆர்.எஃப்.சி. 2445 என்ற இணையத் தர ஆவணம் வெளியானது. அலுவலகக் கூட்டங்களின் தேதியும் நேரமும் ஒரு நாட்காட்டி மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் போவதற்கான ஐகேலண்டர் வடிவத்தை அது வகுத்தது. 2008-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஏர்பிஎன்பி தொடங்கியபின் சொந்த வீட்டை நாள் வாடகைக்கு விடுபவர்கள் பெருகினார்கள். அவர்களில் பலரிடம் சேனல் மேனேஜர் வாங்கப் பணமில்லை. இரண்டு தளங்களின் நாட்காட்டிகளை இணைக்க அவர்களுக்குக் கிடைத்த இலவசப் பாலம் இந்தக் கூட்டக் கோப்புதான்.

அதன் உள்ளே பார்த்தால் ஒரு நுணுக்கம் தெரியும். ஒருவர் 2026 ஆகஸ்ட் 14 மாலை வந்து மூன்று இரவு தங்கி 17 காலை புறப்படுகிறார். கோப்பில் தொடக்கம் 20260814 என்றும் முடிவு 20260817 என்றும் இருக்கும். நேரம் இல்லாமல் தேதி மட்டும் தரப்பட்டால் முடிவுத் தேதி கணக்கில் சேராது என்பது தரத்தின் விதி. ஆக, 17-ஆம் தேதி இரவு காலி. அன்று மாலையே அடுத்தவர் வரலாம். இரவுகளை எண்ணிப் பிழைக்கும் தொழிலுக்கு அளவெடுத்துத் தைத்தது போன்ற விதி. இதைக் கவனிக்காமல் நிரல் எழுதுபவர் 17-ஆம் தேதி இரவையும் அடைத்துவிடுவார். மாதத்துக்கு எட்டு விருந்தினர் வரும் வீட்டில் அப்படியே எட்டு இரவு விற்க முடியாமல் போகும். எந்தப் பிழைச் செய்தியும் திரையில் வராது.

இந்தக் கோப்புக்கு வேறு வரம்புகளும் உண்டு. விலையை அது சுமப்பதில்லை. தானாகப் போய்க் கதவைத் தட்டுவதும் இல்லை. மற்ற தளம் தனக்கு வசதியான நேரத்தில் வந்து எடுத்துப் போக வேண்டும். அந்த இடைவெளி சில மணி நேரம்கூட இருக்கலாம். சனிக்கிழமை மாலை இரண்டு தளங்களிலும் ஒரே இரவு விற்றுப்போவதற்கு அது போதும்.

இன்றைய முன்பதிவின் பயணத்தை லண்டனில் நாள் வாடகைக்கு விடும் ஒரு வீட்டில் வைத்துப் பார்க்கலாம். அங்கே வரவேற்பு மேசை கிடையாது. யாரோ ஒருவர் தொலைபேசியில் பணம் கட்டியதும் அந்தத் தளம் சேனல் மேனேஜருக்குச் செய்தி அனுப்புகிறது. மற்ற தளங்களில் அந்தத் தேதிகள் மூடப்படுகின்றன. பூட்டு நிறுவனத்தின் சர்வரில் கதவுக்கான எண் உருவாகிறது. விருந்தினரின் தொலைபேசி எண்ணில் கடைசி நான்கு இலக்கத்தையே கதவு எண்ணாக வைப்பவர்கள் உண்டு. வீட்டைச் சுத்தம் செய்பவரின் கைபேசிக்கு, விருந்தினர் புறப்படும் நாளுக்கான வேலை போய்ச் சேர்கிறது. கணக்குப் புத்தகத்தில் வரவு ஏறுகிறது. சுவரில் இருந்த ஒரு சீட்டின் வேலையை ஐந்தாறு நிறுவனங்களின் மென்பொருள்கள் பங்கு போட்டுச் செய்கின்றன. அவற்றுக்கு நடுவில் உள்ள இணைப்புகளை எழுதுவதுதான் இன்று தனித் தொழிலாகியிருக்கிறது.

அந்த இணைப்புகள் ஒவ்வொன்றிலும் ஒரு மனிதரின் காத்திருப்பு இருக்கிறது. கதவு எண் மாலை 3 மணிக்கு உயிர்பெற வேண்டும். நிரலர் அதை உலகப் பொது நேரத்தில் பதிந்துவிட்டால், கோடையில் லண்டன் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுவதால், கதவு 4 மணிக்குத்தான் திறக்கும். பெட்டிகளோடு ஒரு குடும்பம் ஒரு மணி நேரம் தெருவில் நிற்கும். இன்னொன்று: செய்தி வந்து சேர்ந்ததா என்று உறுதியாகத் தெரியாவிட்டால் அனுப்பிய தளம் அதையே மறுபடி அனுப்பும். முன்பதிவு எண்ணை ஒப்பிட்டுப் பார்க்காத நிரல், அதை இரண்டு முன்பதிவாக எண்ணிச் சுத்தம் செய்பவரை இரண்டு முறை வரச் சொல்லும்.

கடையில் வாங்கும் மென்பொருள் பல நேரம் செய்யாத வேலைகளும் உண்டு. பெருநகர லண்டனில் ஒரு முழு வீட்டைத் திட்ட அனுமதி இல்லாமல் ஒரு காலண்டர் ஆண்டில் 90 இரவுகளுக்கு மேல் இப்படி விடக் கூடாது என்று 2015-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஏர்பிஎன்பி 2017 முதல் தன் தளத்தில் அந்த வரம்பைத் தானே அமல்படுத்துகிறது. ஆனால் ஒரு தளத்தில் 50 இரவு, இன்னொன்றில் 45 இரவு என்று விற்றால் இரண்டும் தனித்தனியே வரம்புக்குள்தான். கூட்டினால் 95. அந்தக் கூட்டலை வீட்டை நடத்துபவரின் அமைப்புதான் செய்தாக வேண்டும். 1972-ஆம் ஆண்டு ஆணை ஒன்றும் அங்கே நடப்பில் இருக்கிறது: தங்குபவர்களில் 16 வயதோ அதற்கு மேலோ ஆன ஒவ்வொருவரின் பெயரையும் குடியுரிமையையும் எழுதி 12 மாதம் வைத்திருக்க வேண்டும். முன்பதிவிலோ பெரும்பாலும் ஒருவர் பெயர்தான் இருக்கும். மற்றவர்களின் விவரத்தைக் கேட்டு வாங்கும் படிவத்தை யாராவது இந்தப் பாதையில் சேர்த்தாக வேண்டும்.

இந்த எண்பது ஆண்டுகளிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம் ஒன்றே. முன்பதிவை ஒரே இடத்தில் ஒரே முறை எழுத வேண்டும். மற்ற எல்லோரும் அங்கிருந்து படிக்க வேண்டும். கைமாறிக் கைமாறி எழுதிய ஒவ்வொரு முறையும் அது கெட்டிருக்கிறது, எழுதியது கார்பன் தாளானாலும் நிரலானாலும். ஒரு அமைப்பின் தரம் முன்பதிவு வரும் நாளில் தெரியாது, ரத்தாகும் நாளில்தான் தெரியும். தேதிகள் எல்லாத் தளங்களிலும் மறுபடி திறந்தனவா, கதவு எண் செத்ததா, சுத்தம் செய்பவருக்குத் தகவல் போனதா, பணம் திரும்பியதா? இந்த நான்கில் ஒன்று தவறினாலும், ரத்து செய்தவரின் கையில் அடுத்த விருந்தினரின் கதவைத் திறக்கும் எண் இருக்கும், அல்லது அதைவிடச் சற்றே சிறிய அநியாயம் ஒன்று நடந்திருக்கும்.

விடுதியோ நாள் வாடகை வீடோ நடத்துபவர்கள் இப்படியொரு அமைப்பை எழுதித் தரச் சொல்லும்போது இரண்டு கேள்விகள் கேளுங்கள். ஒரு முன்பதிவு ரத்தானால் நான் எத்தனை இடத்தில் கைவைக்க வேண்டும்? நள்ளிரவில் கதவு திறக்காவிட்டால் தொலைபேசியை எடுப்பவர் யார்? இரண்டாவது கேள்விக்கு ஒரு மனிதரின் பெயர் பதிலாக வரும்வரை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.