பக்கத்து விளக்கும் சேர்ந்து பேசினா?

இன்னைக்கு எபிசோடு கல்லிடைக்குறிச்சியில, ஒரு திருக்கார்த்திகை சாயங்காலத்துல ஆரம்பிக்குது.

எங்க ஆச்சி வீட்டுத் தெரு. ரெண்டு பக்கமும் திண்ணை நிறைய அகல் விளக்கு. தெரு நடுவுல நின்னு கீழ பார்த்தா எனக்கு ஒரு நிழல் இல்ல, அஞ்சாறு மங்கலான நிழல். எல்லா வெளிச்சமும் கலந்து என் மேல விழுது. அப்பதான் தோணுச்சு: இந்த விளக்கு ஒவ்வொண்ணும் ஆளுக்கொரு சேதி சொல்லிட்டிருந்தா, நடுவுல நிக்கிறவனுக்கு எது யார் சொன்னதுன்னு எப்படித் தெரியும்?

லைஃபையோட பெரிய தலைவலி இதுதான்.

லைஃபைன்னா வெளிச்சம் வழியா வர்ற இணையம். எல்.இ.டி. விளக்கைக் கண்ணால பிடிக்க முடியாத வேகத்துல கூட்டிக் குறைச்சு டேட்டா அனுப்புறது. 2011-ல ஹரால்ட் ஹாஸ் எடின்பரோவில் டெட் மேடையில இதைச் செஞ்சு காட்டினார். 'ஒளி சுவரைத் தாண்டாது, அதனால பக்கத்து வீட்டு சிக்னல் தொல்லை கிடையாது'ன்னு இதைப் பத்தி அடிக்கடி சொல்வாங்க. அது பாதி உண்மை. பக்கத்து வீடு தொல்லை பண்ணாது, சரி. ஆனா ஒரே ஹால்ல இருபது விளக்கு இருந்தா? நம்ம போன்ல இருக்கிற ஒளி உணரி, தன் மேல விழற எல்லா வெளிச்சத்தையும் கூட்டி ஒரே மின்சாரமா மாத்திடும். எந்த விளக்கு பேசுதுன்னு அதுக்குத் தெரியாது.

1880-ல கிரகாம் பெல்லுக்கு இந்தப் பிரச்சினை இல்ல. சூரிய ஒளியில குரலை ஏற்றி, சுமார் 200 மீட்டர் தூரம் அனுப்பினார். பேசினது ஒரு கண்ணாடி, கேட்டது ஒரு செலினியம் செல். கூட்டம் சேர்ந்தாதான் குழப்பம். அந்தக் குழப்பத்தைச் சமாளிக்கிற வழிகள் லைஃபைக்கு ரொம்ப முன்னாடியே வந்தாச்சு.

முதல் வழி, திசை. இதுக்கு நம்ம ஊர்ப்பக்கமே ஒரு கதை இருக்கு. 1802-ல சென்னை பரங்கிமலை பக்கம் நில அளவையைத் தொடங்கின வில்லியம் லாம்டன், 1809-ல பாளையங்கோட்டை பக்கம் ஒரு அடிப்படைக் கோட்டை அளந்தார். அந்த அளவைக்காரங்க மலை உச்சியில நட்ட கொடியைத் தியோடலைட் வழியா பார்த்துக் கோணம் எடுப்பாங்க. எவரெஸ்ட் காலத்துல ராத்திரிக்கு விளக்கு, பகலுக்குச் சூரிய ஒளியைத் திருப்பி அடிக்கிற கண்ணாடி. தொலைநோக்கி ஒரு சின்ன வட்டத்தை மட்டும்தான் பார்க்கும், மத்த மலை விளக்கெல்லாம் அதுல விழாது.

ரெண்டாவது வழி, நேரம். தாமிரபரணி கடல்ல சேர்ற புன்னைக்காயலுக்கு வடக்கே தூத்துக்குடி, தெற்கே மணப்பாடு. ரெண்டு ஊர்லயும் கலங்கரை விளக்கம் உண்டு. ராத்திரி கப்பல்ல வர்றவன் ஒண்ணை இன்னொண்ணுன்னு நினைச்சுட்டா கரை தட்டி உயிர் போயிடும். வெளிச்சம் தெரிஞ்சா மட்டும் போதாது, அது எந்த விளக்குன்னும் தெரியணும். கம்ப்யூட்டருக்கு முன்னோடின்னு நாம படிச்ச சார்லஸ் பாபேஜ், 1851-ல இதுக்கு ஒரு யோசனை சொன்னார்: ஒவ்வொரு கலங்கரை விளக்கமும் மறைஞ்சு மறைஞ்சு எரிஞ்சு தன்னோட எண்ணைச் சொல்லட்டும். லண்டன்ல தன் வீட்டு ஜன்னல்லயே அப்படி ஒரு விளக்கை வச்சுக் காட்டினார். இன்னைக்கும் அக்கம்பக்கத்து விளக்கங்களுக்கு வேற வேற சிமிட்டல்தான்.

மூணாவது வழி, அலைவரிசை. 1947-ல பெல் ஆய்வகத்துல டக்ளஸ் ரிங் எழுதின குறிப்பு, ஊரைத் தேனடை மாதிரி அறுகோணமா பிரிச்சுது. பக்கத்துப் பக்கத்து அறைக்கு ஒரே அலைவரிசை கிடையாது, தள்ளி இருக்கிற அறைக்குத் திரும்பக் கொடுக்கலாம். செல்போன்ல இருக்கிற 'செல்' இதுதான்.

லைஃபை ஆராய்ச்சியாளர்கள் இந்த மூணையும் விளக்குக்குக் கீழ கொண்டு வந்திருக்காங்க. ஒரே உணரிக்குப் பதிலா வேற வேற திசை பார்க்கிற நாலஞ்சு உணரி. பக்கத்து விளக்குகளுக்கு முறை வச்சுப் பேச்சு. விளக்குக்கு நேர் கீழ எல்லாருக்கும் ஒரே அலைவரிசை, ரெண்டு வெளிச்சம் கலக்கிற ஓரத்துல மட்டும் வேற வேற.

எதுவும் இலவசம் இல்ல. மூணு விளக்கு முறை வச்சுப் பேசினா, ஒவ்வொண்ணுக்கும் மூணுல ஒரு பங்கு நேரம்தான். அதோட ஒரு விளக்கோட எல்லை சில மீட்டர்தான். நாலு எட்டு நடந்தா அடுத்த விளக்குக்கு மாறணும். அதனாலதான் வைஃபையைத் துணைக்கு வச்சுக்கிற கலப்பு நெட்வொர்க் பத்தி நிறைய ஆராய்ச்சி நடக்குது. 2023-ல வந்த 802.11பிபி தரநிலையும் ஒளியை வைஃபை குடும்பத்துக்குள்ளேயே சேர்த்துச்சு.

எனக்குப் பிடிச்சது இன்னொரு வழி. ஓரத்துல நிக்கிற ஆளுக்கு, பக்கத்துப் பக்கத்து விளக்கு ரெண்டும் ஒரே சேதியை ஒரே நேரத்துல அனுப்பிட்டா? மோதிக்கிட்ட வெளிச்சமே ஒண்ணுக்கொண்ணு பலமா மாறிடும். அதுக்கு ரெண்டு விளக்கும் துல்லியமா ஒரே தாளத்துல இருக்கணும், அதுதான் கஷ்டம்.

ஆச்சி தெருவுல அந்தக் கஷ்டம் இல்ல. அத்தனை அகலும் அன்னைக்கு ஒரே சேதியைத்தான் சொல்லிட்டிருந்துச்சு.