பொருநைக் கரையிலே – 23: கம்பெனி மாறிய ராஜபார்ட்

சென்ற வாரம் சங்கரதாஸ் சுவாமிகளைப் பார்த்தோம். அவர் பிறந்த காட்டுநாயக்கன்பட்டி அன்றைக்குத் திருநெல்வேலிச் சீமை. அவருடைய நாடகங்களைப் பாடிப் பெரும்பேர் எடுத்த எஸ்.ஜி.கிட்டப்பாவின் செங்கோட்டையோ திருவிதாங்கூர் சமஸ்தானம். 1956 நவம்பர் 1-ல்தான் அது நம் பக்கம் வந்தது. ஆனால் தண்ணீருக்கு ஏது சமஸ்தானம்? செங்கோட்டைப் பக்கத்து ஓடைகள் சிற்றாற்றில் விழ, சிற்றாறு சீவலப்பேரியில் பொருநையோடு கலந்துவிடுகிறது. அந்த உரிமையில் கிட்டப்பாவும் நம்மவர்தான்.

1906 ஆகஸ்ட் 25-ல் பிறந்தவர். கங்காதர ஐயர் வீட்டில் பிள்ளைகள் அதிகம், வருமானம் குறைவு. அண்ணன்மார் நாடகத்துக்குப் போக, இவரும் பின்னாலேயே போய்ச் சேர்ந்தார். அந்தக் காலத்தில் சாப்பாட்டுக்கு வழியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குக் கம்பெனி ஒரு புகலிடம். பையனை ஒப்படைக்கும்போதே தகப்பனிடம் இத்தனை வருஷம் என்று எழுதி வாங்கிக்கொள்வார்கள். சோறு, துணி, பாட்டு, வாத்தியாரின் பிரம்பு எல்லாம் கம்பெனியினுடையது, பையனும் கம்பெனியினுடையவன். நினைத்தால் வேறிடம் போக முடியாது. குரல் உடைகிற வயதில் ‘மகரக்கட்டு’ வந்துவிட்டால் கதை தலைகீழ். நேற்றுவரை ராஜபார்ட்டாக நின்றவன் இன்றைக்குச் சேவகனாக ஈட்டி பிடிப்பான். கிட்டப்பா தப்பியது குரலின் புண்ணியம்.

1919 வாக்கில் சகோதரர்கள் சேர்ந்தே கன்னையா கம்பெனிக்குப் போனார்கள். கன்னையா சாமானியப்பட்டவர் அல்ல. காட்சி ஜோடனையில் அவரை மிஞ்ச அன்று ஆள் கிடையாது. அவருடைய ‘தசாவதாரம்’ பார்க்க ஊர் ஊராக ஜனம் திரண்டது. திரையும் ஜோடனையும் முதலாளியின் சொத்து. அவை இன்னொரு கம்பெனிக்குப் போகா. பாட்டு அப்படியில்லையே! மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைவரை போய் விழும் குரல் கிட்டப்பாவினுடையது. ஜோடனைக்காக வந்தவர்கள் அவர் பாட்டுக்காக மறுபடி வந்தார்கள்.

கம்பெனிக்கு வெளியே இன்னொரு வழி அப்போது பலப்பட்டுவந்தது: ஸ்பெஷல் நாடகம். இதில் கம்பெனியே கிடையாது. ஊரிலுள்ள காண்டிராக்டர் ராஜபார்ட்டை ஒரு ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட்டை இன்னொரு ஊரிலிருந்தும், பபூனை வேறெங்கிருந்தோ தனித்தனியாகப் பேசி வரவழைப்பார். ஒத்திகை ஏது! சாயங்காலம் வந்து அரிதாரம் பூசிக்கொண்டு, இரவு மேடையில்தான் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். சுவாமிகளின் வள்ளி திருமணமும் கோவலனும் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால் வண்டி ஓடியது. வேலனும் வள்ளியும் தர்க்கத்தில் இறங்கினால் மட்டும் எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. ஜனம் காசு கொடுத்ததே அதற்குத்தான்.

ஒரே கம்பெனிக்குக் கட்டுப்படாமல் தன் ஆட்டத்தைத் தானே பேசிக்கொள்ளும் இந்தச் சுதந்திரம் அமெரிக்கக் கூடைப்பந்தில் பிறகுதான் வந்தது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஆட்டக்காரர் பழைய அணிக்கே கட்டுப்பட்டவர் என்ற விதியை எதிர்த்து ஆஸ்கர் ராபர்ட்சன் 1970-ல் வழக்குப் போட்டார், 1976-ல்தான் சமரசம். 2010-ல் லெப்ரான் ஜேம்ஸ் கிளீவ்லாண்ட் அணியை விட்டு மயாமிக்குப் போவதை டி.வி.யில் அறிவித்தார். அவர் இருந்த கடைசி வருஷம் 61 ஆட்டம் ஜெயித்த கிளீவ்லாண்ட், அடுத்த வருஷம் ஜெயித்தது 19. கூட ஆடியவர்கள் ஒரே வருஷத்தில் ஆட்டத்தை மறந்திருக்க மாட்டார்கள். அத்தனையும் அந்த ஒருவரைச் சுற்றியே கட்டப்பட்டிருந்தது, அவ்வளவுதான்.

கிட்டப்பாவும் இப்படி இடம் மாறிய நட்சத்திரம்தான், ஆனால் அவர் விஷயத்தில் ஒரு வித்தியாசம். கன்னையாவை விட்ட பிறகும் அவர் தன்னந்தனியாக நிற்கவில்லை. வீட்டு மனிதர்கள் கூடவே இருந்தார்கள். முக்கியமாக, ஆர்மோனியத்தில் சகோதரர் காசி ஐயர். நாடக மேடையில் ஆர்மோனியக்காரர் வெறும் சுருதிக்கு உட்காருபவர் அல்ல, பின்பாட்டும் அவர்தான். ராஜபார்ட் திரைக்கு உள்ளிருந்தே பாட்டை எடுப்பார்; ஆளே கண்ணில் படாத அந்த நொடியில் பெட்டிக்காரர் சுருதியைப் பிடித்து, அடியை வாங்கி, மூச்சு விட இடம் கொடுக்க வேண்டும். ஒத்திகையில்லாத மேடையில் அது முன்பின் தெரியாத ஆளாக இருந்தால் எப்பேர்ப்பட்ட குரலும் தடுமாறும். கிட்டப்பாவைப் பற்றி எழுதுகிறவர்கள் காசி ஐயரை அரை வரியில் கடந்துபோவது எனக்கு என்றுமே உறுத்தல்தான்.

1926-ல் இலங்கை. அங்கே ஏற்கெனவே கொடி நாட்டியிருந்தவர் கொடுமுடிக்காரர் கே.பி.சுந்தராம்பாள். இருவரையும் ஒரே மேடையில் ஏற்றினார்கள். இரண்டு நட்சத்திரங்கள் சேர்ந்தால் ஒருவர் மங்க வேண்டும் என்பது கணக்கு, இங்கே பலிக்கவில்லை. அவர் ஒரு அடி ஏற, இவர் ஒன்றரை அடி ஏறினார். 1927-ல் கல்யாணம். பிறகு சேர்ந்தே மேடை, நடுவில் மனத்தாங்கல், பிரிவு. 1933 டிசம்பர் 2-ல் கிட்டப்பா இறந்தபோது வயது 27.

சுந்தராம்பாள் வெள்ளைப் புடவைக்கு மாறினார், மேடையை விட்டார். சினிமாக்காரர்கள் விடுவார்களா? அவர்களைத் துரத்தத்தான் ஒரு லட்சம் ரூபாய் கேட்டார் என்பார்கள். தயாரிப்பாளர் அசன்தாஸ் சரி என்றுவிட்டார்! 1935-ல் ‘பக்த நந்தனார்’ வந்தது. நந்தனாராக சுந்தராம்பாள், அவரை ஆட்டிவைக்கும் வேதியராக, துணை வேடத்தில், சங்கீத வித்வான் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர்.