டிஹெச், எம்ஐஎல், எஸ்ஐஎல்... இணையத்தில் குடும்பத்தையே சுருக்கி எழுதுவது ஏன்? குழப்பம் எங்கே வருது?

"என் டிஹெச் ரொம்ப அமைதி. ஆனா எம்ஐஎல் வந்தா வீடே மாறிடும். டிடி2-வுக்கு இன்னும் பல் முளைக்கல..."

குழந்தை வளர்ப்பு பற்றி ஏதோ தேடப்போய், இப்படி ஒரு ஆங்கிலப் பதிவில் மாட்டிக்கொண்டு முழித்திருக்கிறீர்களா? ஏதோ ராணுவ ரகசியம் மாதிரி இருக்கும். ஆனால் விஷயம் சிம்பிள்தான்.

டிஹெச் என்றால் 'டியர் ஹஸ்பெண்ட்', அதாவது கணவர். டிடபிள்யூ மனைவி, டிஎஸ் மகன், டிடி மகள். முன்னால் நிற்கிற 'டி' என்பது டியர் அல்லது டார்லிங். எம்ஐஎல் மாமியார், எஃப்ஐஎல் மாமனார். எல்ஓ என்றால் 'லிட்டில் ஒன்', வீட்டுக் குட்டி. டிடி1 மூத்த மகள், டிடி2 அடுத்தவள். தூர்தர்ஷனையும் பேங்க் டிமாண்ட் டிராஃப்டையும் டிடி என்று சொல்லிப் பழகிய நமக்கு முதலில் சிரிப்புதான் வரும். டிபி இன்னும் மோசம். நமக்கு அது வாட்ஸ்அப் படம். அங்கே 'டியர் பார்ட்னர்', பெரும்பாலும் கல்யாணம் செய்யாமல் சேர்ந்து வாழும் துணை.

ஆங்கிலம் பேசும் நாடுகளில், அம்மாக்கள் இணையத்தில் பேசிக்கொள்ளும் இடங்களில் பரவிய பழக்கம் இது. பிரிட்டனில் 2000-ல் தொடங்கிய மம்ஸ்நெட் தளம் இந்தச் சுருக்கங்களுக்கென்றே ஒரு விளக்கப் பட்டியல் வைத்திருக்கிறது. குழந்தையை ஒரு கையில் வைத்துக்கொண்டு டைப் செய்பவருக்கு இரண்டெழுத்து வசதி. வீட்டு ஆட்களின் பெயரை வெளியில் சொல்லவும் வேண்டாம்.

எஸ்ஐஎல் என்றால் யாரு?

பெரிய சிக்கல் இங்கேதான். எஸ்ஐஎல் 'சிஸ்டர் இன் லா'வாகவும் இருக்கலாம், 'சன் இன் லா'வாகவும் இருக்கலாம். மருமகனா, நாத்தனாரா? பதிவில் அடுத்து வரும் 'அவன்', 'அவள்' பார்த்துத்தான் கண்டுபிடிக்கணும்.

சரி, சிஸ்டர் இன் லா-தான் என்று தெரிந்துவிட்டது. அப்பவும் பாதிக் கிணறுதான். தமிழில் கணவரின் அக்கா, தங்கை நாத்தனார். அண்ணன் மனைவி அண்ணி, சில ஊர்களில் மதினி. மனைவியின் தங்கை கொழுந்தியாள். கணவரின் சகோதரர் மனைவி ஓரகத்தி. இத்தனை பேரும் ஆங்கிலத்தில் ஒரே எஸ்ஐஎல். "எஸ்ஐஎல் கூட சொத்துத் தகராறு" என்று எழுதினால், நாத்தனாரா ஓரகத்தியா என்பதைப் பொறுத்துப் பிரச்சினையே வேற. ஒருவர் குடும்பத்துக்குள் பிறந்தவர், மற்றவர் உங்களைப் போல வாழ வந்தவர். சொத்தில் உரிமையும் ஒன்றல்ல. படிப்பவர் தப்பாகப் புரிந்துகொண்டால், சொல்லும் யோசனையும் தப்பாகத்தான் இருக்கும்.

இதனால்தான் இந்திய ஆங்கிலத்தில் ஓரகத்தியை 'கோ-சிஸ்டர்' என்றும் சகலையை 'கோ-பிரதர்' என்றும் சொல்கிறோம். ஆனால் அமெரிக்காவில் இருப்பவருக்கு அது புரியாது. 'கணவரின் தம்பி மனைவி' என்று முழுசாக எழுதிவிடுவது நல்லது.

அடிக்கிறவரும் 'டியர்'தானா?

"டிஹெச் நேற்று கையை ஓங்கினார்" என்ற வரியையும் பார்க்கலாம். அதைப் பார்த்து 'இன்னும் பாசமாத்தான் இருக்காங்க போல' என்று முடிவு கட்ட வேண்டாம். அந்த 'டி' வெறும் பழக்கம். சிலர் ஒரு கட்டத்தில் அதை விட்டுவிட்டு ஹெச் என்று மட்டும் எழுதுவார்கள். எஸ்டிபிஎக்ஸ்ஹெச் என்று மாறினால், 'சீக்கிரம் முன்னாள் கணவர் ஆகப்போகிறவர்'.

பெயர் இல்லைன்னா பாதுகாப்பா?

பாதிதான். டிடி ஏழாவது படிக்கிறாள், டிஎஸ்-க்கு 4 வயசு, கணவர் ஷிப்பில் வேலை, போன வாரம்தான் ஃபிளாட் மாறினோம் என்று எழுதினால், பக்கத்து வீட்டுக்காரர் ரெண்டே நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவார். 2019 பிப்ரவரியில் மம்ஸ்நெட்டில் ஒரு மென்பொருள் மாற்றத்தின்போது கோளாறு ஏற்பட்டு, லாகின் செய்த சிலருக்கு அடுத்தவர் கணக்கு திறந்தது. புனைபெயருக்குப் பின்னால் இருந்த இமெயில் முகவரியும் தனிச் செய்திகளும் அவர்கள் கண்ணில் படும் நிலை.

அதனால் மாமியார் சண்டையை எழுதுகிறவர்கள் பிள்ளைகளின் வயதை ஒன்றிரண்டு கூட்டியோ குறைத்தோ போடுகிறார்கள். ஊர் பெயரை விட்டுவிடுகிறார்கள். இன்னும் ஒன்று: எம்ஐஎல்-லும் அதே வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கிறாரா என்று அனுப்பும் முன் பார்த்துக்கொள்ளுங்க.