மடக்கு கத்தி 'டக்'குனு நிக்கிறது எப்படி? ஸ்பிரிங் இறுக்கத்துக்குப் பின்னால் இவ்வளவு கணக்கா!

பழவேற்காடு ஏரியை ஒட்டிய எளாவூர் பக்கத்து மீனவ கிராமங்களில் கத்தி இல்லாமல் வலை வேலை நடக்காது. சிக்கிய நூலை அறுக்கணும், கயிறை வெட்டணும், அதுவும் ஈரக்கையோடு, ஆடுற படகில். மடக்கு கத்தியை வைத்து இந்த வேலையைச் செய்யும்போது, அது பாதியில் மடங்கினால் முதலில் வெட்டுப்படுவது பிடித்திருப்பவரின் விரல்தான். அப்படி மடங்காமல் அதைத் தாங்கி நிற்பது, பிடியின் முதுகில் இருக்கும் ஒரு மெல்லிய ஸ்பிரிங் பட்டை.

அருவாளுக்கு இந்தப் பிரச்னையே கிடையாது. திருப்பாச்சேத்தி அருவாளின் அலகு ஒரே துண்டு இரும்பு. மடக்கு கத்தி அப்படி இல்லை. அது ஒரு சின்ன மெஷின்.

உள்ளே என்ன இருக்கு?

சாதாரண பேனாக்கத்தியில் மூன்று ஆணிகள் இருக்கும். முன் ஆணியில் அலகு சுழலும். நடு ஆணியும் பின் ஆணியும் ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும். ஸ்பிரிங்கின் முன்முனை மட்டும் சும்மா இருக்கும். அதுதான் அலகின் அடிப்பகுதியை எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கிறது. அந்த அடிப்பகுதியில் தட்டையாகச் சில முகங்கள் தேய்த்து விடப்பட்டிருக்கும். ஸ்பிரிங் அந்தத் தட்டை முகத்தில் போய் உட்காரும்போதுதான் 'டக்' சத்தம் கேட்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது, இது பூட்டு இல்லை. வெறும் பிடிப்புதான். அலகின் முதுகுப் பக்கம் போதுமான அழுத்தம் விழுந்தால் கத்தி மடங்கியே தீரும். அதனால்தான் குத்துவதற்கும் நெம்புவதற்கும் இந்த ரகம் லாயக்கில்லை. ஹிந்திப் படங்களில் பார்த்த ராம்பூர் கத்தி வேறு ஜாதி. திறந்ததும் பூட்டிக்கொள்ளும். உத்தரப்பிரதேசத்தின் ராம்பூரில் 2023-ல் சுமார் 20 அடி உயரத்துக்கு ஒரு கத்தியையே சிலையாக நிறுத்தியிருக்கிறார்கள்.

இறுக்கம் எங்கிருந்து வருது?

கத்தி செய்பவர் ஸ்பிரிங்கை வேண்டுமென்றே 'பொருந்தாமல்' செய்கிறார். பின் ஆணியைப் போட்டு, அலகையும் மாட்டினால், ஸ்பிரிங்கின் நடு ஓட்டை பிடியில் உள்ள ஓட்டைக்கு நேராக வராது. கொஞ்சம் வெளியே தள்ளி நிற்கும். சின்னக் கத்தியில் இந்த இடைவெளி ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். வைஸில் வைத்து அழுத்தி, ஓட்டைகளை நேர்ப்படுத்தி, நடு ஆணியைச் செருகுவார்கள். அப்போது ஸ்பிரிங் வளைகிறது. அந்த வளைவுதான் இறுக்கம்.

இடைவெளியை இரண்டு மடங்கு ஆக்கினால் இறுக்கமும் இரண்டு மடங்கு. ஆனால் பட்டையின் தடிமனில் கை வைத்தால் கதையே வேற. ஸ்பிரிங்கின் விறைப்பு, தடிமனின் மும்மடிக்கு ஏற்ப மாறும். தடிமனில் 10 சதவீதம் குறைத்தால் விறைப்பு சுமார் 27 சதவீதம் குறைந்துவிடும். தடிமன் இரண்டு மடங்கானால் விறைப்பு 8 மடங்கு! அதனால் இறுக்கம் அதிகம் என்றால் ஸ்பிரிங்கின் வயிற்றுப்பக்கத்தை அரத்தால் ஒரு இழுப்பு, அப்புறம் மாட்டிப் பார்ப்பது, மறுபடி ஒரு இழுப்பு என்று பொறுமையாகத்தான் போகணும். ஒரேயடியாகத் தேய்த்துவிட்டால் போன இரும்பு திரும்பி வராது. புது ஸ்பிரிங்தான் செய்யணும்.

எவ்வளவு இறுக்கம் சரி? கத்திப் பிரியர்கள் இதை 1 முதல் 10 வரை மார்க் போட்டுப் பேசுவார்கள். 5 அல்லது 6 என்றால் அன்றாட வேலைக்குத் தோது. ரொம்ப இறுக்கமாக இருந்தால் திறக்கும்போது நகமே பெயர்ந்துவிடும். அதுவும் ஆபத்துதான், ஏன்னா பலம் கொடுத்துத் திறக்கும் கை வழுக்கினால் அலகில் போய் முட்டும்.

கடைசியாக ஆணிகளை அடித்து முடிப்பதற்கு முன்னால் இன்னொரு சோதனை உண்டு. திறந்த நிலை, பாதி நிலை, மூடிய நிலை என்று மூன்றிலும் ஸ்பிரிங்கின் முதுகு பிடியோடு சமமாக இருக்கணும். ஒரு நிலையில் மட்டும் மேடாக நின்றால், அந்த நிலைக்கான அலகு முகத்தைத்தான் தேய்க்க வேண்டும், ஸ்பிரிங்கை அல்ல. பாதி நிலையில் நிற்கும் வசதி எல்லாக் கத்தியிலும் இருக்காது.

பதம் தப்பினால் எல்லாம் போச்சு

அலகும் ஸ்பிரிங்கும் ஒரே இரும்பில் செய்யப்பட்டாலும் பதம் வேற வேற. அலகு கூர் நிற்கணும், அதனால் கடினமாக இருக்கும். ஸ்பிரிங் வளைந்து திரும்பணும், அதனால் அலகைவிட மென்மையாக விடுவார்கள். பட்டறைக் கணக்கில், மறுசூட்டில் இரும்பு வைக்கோல் நிறத்துக்கு வந்தால் அலகுக்குப் போதும். நீலம் பாய்ந்தால், அதாவது சுமார் 300 டிகிரி செல்சியஸில், ஸ்பிரிங்குக்குச் சரி. சூடு பத்தலைன்னா ஸ்பிரிங் உடையும், மீறிப்போனா வளைந்தபடியே நின்றுவிடும்.

லூசான கத்தியைப் பலரும் முன் ஆணியைச் சுத்தியலால் தட்டி 'டைட்' பண்ணுவது உண்டு. உண்மையில் அது ஸ்பிரிங் இறுக்கமே இல்லை, வெறும் உராய்வு. கொஞ்ச நாளில் தேய்ந்து மறுபடி லூசாகும்.

1897-ல் கார்ல் எல்செனர் பதிவு செய்த சுவிஸ் அதிகாரி கத்தியில் ஆறு கருவிகளுக்கு இரண்டே ஸ்பிரிங்தான். பிரான்ஸின் ஒபினெல் கத்தியில் ஸ்பிரிங்கே கிடையாது. 1955-ல் வந்த சுழலும் வளையம்தான் அலகைப் பூட்டுகிறது.

உப்புத்தண்ணியில் என்ன ஆகும்?

பழவேற்காடு, சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. இந்தத் தண்ணீர் ஸ்பிரிங்குக்கும் அலகுக்கும் நடுவே தங்கினால் துரு பிடிக்கும். துரு அரித்த சின்னக் குழியில் இருந்துதான் விரிசல் கிளம்பும். எப்போதும் வளைந்தே இருக்கும் பட்டை என்பதால், ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் முறியும். வேலை முடிந்ததும் நல்ல தண்ணியில் அலசி, துடைத்து, மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். ரெண்டுங்கெட்டானாகத் திறந்து வைக்கவும் கூடாது, ஏன்னா அலகின் மூலை ஸ்பிரிங்கைத் தூக்கும் அந்த நிலையில்தான் அது அதிகமாக வளைகிறது. குழி விழுந்த ஸ்பிரிங்கை மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டாம், மாற்றிவிட வேண்டியதுதான்.